வாங்கு, யோசி, விடு

கம்ப்யூட்டர் திரையில் படத்தை ஓட்டுகிற கிராபிக்ஸ் கார்டு எவ்வளவுக்கு எவ்வளவு விலை குறைவோ, அவ்வளவுக்கு அவ்வளவு அதை மதிப்பிடுவது கஷ்டம். நம்பாதவர்கள் என் மேசைக்கு வந்து ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். விலை உயர்ந்த கார்டு வாங்க வருகிறவர் பெட்டியில் உள்ள படத்தைப் பார்ப்பார், பளபளப்பைப் பார்ப்பார், தூக்கிக்கொண்டு போய்விடுவார். இருப்பதிலேயே சின்ன கார்டு வாங்க வருகிறவர்தான் ஆயிரம் கேள்வி கேட்பார். கேட்க வேண்டியதுதானே. அவருக்கு அது ஒன்றுதான், அது சரியில்லை என்றால் இன்னொன்று வாங்க வழி கிடையாது.

நான் வேலை பார்ப்பது கம்ப்யூட்டர் உதிரிபாகக் கடையில். பின்பக்க அறையில், ஜன்னலை ஒட்டி, என் சோதனை மேசை. அதன்மேல் மூடி கழற்றிய கம்ப்யூட்டர் ஒன்று எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். புதிதாக ஒரு வகைக் கார்டு வந்தால் ஒரு பெட்டியைப் பிரித்து, அதில் செருகி, முழு நாள் ஓட்டிப் பார்ப்பேன். சூடு பார்ப்பேன், இரைச்சல் கேட்பேன், படம் எங்காவது திக்குகிறதா என்று கண்கொட்டாமல் உட்கார்ந்திருப்பேன். கடைசியில் மஞ்சள் ஸ்டிக்கரில் ஒரே ஒரு வார்த்தை எழுதி அந்த வகைப் பெட்டிகள் எல்லாவற்றின்மேலும் ஒட்டுவேன். வாங்கு. யோசி. விடு. இந்த மூன்றுதான். முதலாளி ஒருமுறை, "கொஞ்சம் நல்லதா நாலு வரி எழுதேம்மா" என்றார். "நாலு வரி எழுதினா நீங்களே படிக்க மாட்டீங்க" என்றேன். எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அந்தத் திமிர் முழுவதையும் என் நாத்தனார் ஒரே மத்தியானத்தில் இறக்கி வைத்தாள்.

என் வீட்டுக்காரரின் தங்கை அவள். வீட்டில் அவளுக்கு மில்லி என்று பேர். மருந்து மில்லி இல்லை, மில்லிமீட்டர் மில்லி. பத்து வருடம் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்தவள், இரண்டு வருடத்துக்கு முன்னால் தானாகவே கம்ப்யூட்டரில் அறைகளை வரையக் கற்றுக்கொண்டாள். சமையலறையோ படுக்கையறையோ, அளவைக் கொடுத்தால் போதும், திரையில் கட்டி எழுப்பி நம்மை உள்ளே நடத்திக்கொண்டு போய்க் காட்டுவாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எதையும் உத்தேசமாகச் சொல்ல முடியாது. "அந்த நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போடு" என்றால், "எத்தனை மில்லி?" என்பாள்.

அவளுக்கு ஒரு வாய்ப்பு வந்திருந்தது. ஒரு பெரிய மரப்பட்டறையில் வரைவதற்கு ஆள் தேடினார்கள். பட்டறைக்காரர் ஒரு சமையலறையின் அளவுகளைக் கொடுத்து, "வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு இதைத் திரையில நடத்திக் காட்டுங்க. பிடிச்சிருந்தா வேலை உங்களுக்கு. வீட்டுலேருந்தே செய்யலாம்" என்று சொல்லிவிட்டார். பன்னிரண்டு மணிக்கு இன்னொருவர் காட்ட வருகிறாராம்.

"இது போச்சுன்னா எனக்கு வேற யாரு தருவா அண்ணி?" என்று அவள் கேட்டாள். "பத்து வருஷமா என்ன செஞ்சீங்கன்னு ஒருத்தர் கேட்டாலே நான் பேந்தப் பேந்த முழிப்பேன்."

அவளுடைய கம்ப்யூட்டர் பழசு. அவள் வரைந்த சமையலறைக்குள் நடக்கச் சொன்னால் அது அப்படியே நின்றுவிடும். அந்த வாரம்தான் இருப்பதிலேயே சின்ன கார்டு ஒன்றைச் சோதித்து, சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே ஓடுகிறதே என்று 'வாங்கு' எழுதி ஒட்டியிருந்தேன். "கண்ணை மூடிக்கிட்டு வாங்கு" என்றேன். திங்கட்கிழமை வாங்கிப் போனாள். புதன்கிழமை மத்தியானம், தன் கம்ப்யூட்டரை ஒரு போர்வையில் சுற்றி, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு என் மேசை முன்னால் வந்து நின்றாள்.

"உங்க 'வாங்கு' ஓடலை" என்றாள்.

"ஓடலைன்னா?"

"திக்குது. நாலு அடி நடக்குது, நிக்குது. திரும்பினா நிக்குது. இழுப்பறையைத் திறந்தா, முதல்ல மூடியிருக்கு, அப்புறம் திறந்திருக்கு. நடுவுல என்ன நடந்துச்சுன்னே தெரியலை."

எனக்குச் சிரிப்பு வந்தது. வாரத்துக்கு இரண்டு பேராவது இப்படி வருவார்கள். கார்டைச் செருகிவிட்டு, மானிட்டர் கேபிளை மட்டும் கார்டில் மாட்டாமல் பழைய இடத்திலேயே மாட்டி வைத்திருப்பார்கள். கார்டு உள்ளே வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும், இவர்கள் அதைத் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

"கேபிளை எங்கடி மாட்டினே?"

"கார்டுலதான்."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"அண்ணி, நான் அரை மில்லி விலகினாலே கண்டுபிடிக்கிறவ. எனக்கு ஓட்டை எதுன்னு தெரியாதா?"

நானே மாட்டிப் பார்த்தேன். சரியாகத்தான் மாட்டியிருக்கிறாள். ஓட்டினேன். திக்கியது. அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூட மிகையில்லை. அவள் முகத்தைப் பார்க்காமல் கார்டைக் கழற்றி என் சோதனைக் கம்ப்யூட்டரில் செருகினேன், அவள் வரைந்த அதே சமையலறையை அதில் ஏற்றி ஓட்டினேன். வழுக்கிக்கொண்டு ஓடியது. ஜன்னல் வரை போனோம், திரும்பினோம், ஒரு திக்கல் இல்லை. மறுபடி அவளுடையதில் செருகினேன். திக்கல்.

அதே கார்டு, அதே சமையலறை. எனக்கு எரிச்சல் வர வேண்டிய இடம் அது. வரவில்லை. உள்ளங்கை அரிக்க ஆரம்பித்துவிட்டது. ஒரு பொருள் ஏன் இப்படிச் செய்கிறது என்று தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. மென்பொருளை மாற்றிப் போட்டேன். தூசி தட்டினேன். மின்சாரம் ஒழுங்காக வருகிறதா என்று அளந்தேன். மில்லி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நகத்தைக் கடித்தபடி சுவர்க் கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் கார்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கார்டின் அடிப்பக்கம், கம்ப்யூட்டரின் தாய்ப்பலகையான மதர்போர்டுக்குள் இறங்குகிற இடத்தில், தங்க நிறத்தில் வரிசையாகப் பற்கள் இருக்கும். அந்த ஒவ்வொரு பல்லிலிருந்தும் ஒரு மெல்லிய கோடு மேலே கிளம்பிப் போகும். அந்தக் கோட்டில்தான் விஷயம் போகும், வரும். ஆயிரம் கார்டாவது இந்தக் கையால் செருகியிருப்பேன், பல்லை ஒரு நாளும் உற்றுப் பார்த்தது கிடையாது.

"மில்லி, இங்க வா. இதைப் பாரு. பல் எத்தனை இருக்கு?"

"முழு வரிசையும் இருக்கே."

"கோடு?"

அவள் மூக்கு கார்டில் இடிக்கிற அளவுக்குக் குனிந்தாள். "இந்தப் பக்கம் கொஞ்சத்துக்குத்தான் இருக்கு அண்ணி. கால்வாசி. மீதிப் பல்லுலேருந்து ஒண்ணுமே கிளம்பலை. சும்மா அழகுக்கா வச்சிருக்காங்க?"

நான் தலையில் அடித்துக்கொண்டேன். விஷயம் இவ்வளவுதான். கார்டுக்கென்று சொந்தமாகக் கொஞ்சம் மெமரி உண்டு. சின்ன கார்டுக்குச் சின்ன மெமரி. வரைந்த அறையில் உள்ள படங்கள் அதில் அடங்கவில்லை என்றால், மிச்சத்தைக் கம்ப்யூட்டரின் மெமரியிலிருந்து இந்தப் பற்கள் வழியாக ஓடி ஓடிக் கொண்டுவர வேண்டும். பெரிய கார்டில் அதற்குப் பதினாறு பாதை. இதில் விலையைக் குறைக்க நாலே நாலு. பதினாறு பேர் தூக்குகிற மூட்டையை நாலு பேர் தலையில் கட்டியிருக்கிறார்கள். என் மேசையில் இருப்பது புது மதர்போர்டு, அதில் பாதை ஒவ்வொன்றும் படுவேகம், அதனால் நாலு பேரே சமாளித்துவிட்டார்கள். மில்லியின் பழைய போர்டில் அந்த நாலும் பாதி வேகம்தான்.

"பொறந்த வீட்டுலயே வச்சுப் பார்த்துட்டு, பொண்ணு தங்கம்னு சர்டிபிகேட் கொடுத்துட்டேன்டி" என்றேன். "புகுந்த வீட்டுல எப்படி இருக்கும்னு பார்க்கவே இல்லை."

"நீங்க புகுந்த வீட்டுல எப்படின்னு எனக்குத் தெரியும். அதுக்குக் கார்டு எவ்வளவோ தேவலை" என்றாள் அவள். இந்த நிலைமையிலும் வாய் மட்டும் குறையவில்லை.

சிரித்தேன், ஆனால் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. புது மதர்போர்டு வைத்திருக்கிறவர் இந்தக் கார்டை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். இதை வாங்குகிறவர் எல்லோரிடமும் இருப்பது பழைய போர்டுதான். யார் வாங்கவே மாட்டார்களோ அவர்களுடைய கம்ப்யூட்டரில் வைத்துச் சோதித்துவிட்டு, யார் வாங்குவார்களோ அவர்களைப் பார்த்து 'வாங்கு' என்று எழுதியிருக்கிறேன். எத்தனை வருடமாக இப்படி எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தபோது எனக்கே என்மேல் வெறுப்பாக இருந்தது.

"தப்பு என்னுதுதான் மில்லி" என்றேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டு மனுஷர் யாரிடமும் நான் சொல்லாத வாக்கியம் அது. அவள் அதைக் கொண்டாடக்கூட இல்லை. "வெள்ளிக்கிழமைக்கு என்ன செய்யறது, அதைச் சொல்லுங்க" என்றாள்.

"இந்த மேசைக் கம்ப்யூட்டரைத் தூக்கிட்டுப் போ. முதலாளிகிட்ட நான் பேசிக்கறேன்."

அவள் மேசைக் கம்ப்யூட்டரைத் திரும்பிப் பார்த்தாள். ஆசையாக இருந்திருக்கும். என் மேசையில் அந்தச் சமையலறை ஓடிய அழகை அவள்தான் பார்த்தாளே.

"வேண்டாம் அண்ணி. அன்னிக்கு ஒரு நாள் ஓடினா போதுமா? வேலை கிடைச்சா சனிக்கிழமை காலையில எதுல உட்கார்ந்து வரையறது? அவருக்கு ஒண்ணைக் காட்டிட்டு, வீட்டுல திக்கறதை வச்சுக்கிட்டு என்னால முடியாது."

"அப்ப பெரிய கார்டு போடலாமா?" என்று சொல்லும்போதே எனக்குப் பதில் தெரியும். அவளுடைய கம்ப்யூட்டரில் பெரிய கார்டுக்குத் தீனி போடுகிற அளவு மின்சாரப் பெட்டி கிடையாது. தனியாக மின் இணைப்பு கேட்காத கார்டு கடையில் இது ஒன்றுதான். எப்படிச் சுற்றி வந்தாலும் அவளுக்கு இந்தச் சின்ன கார்டுதான்.

மறுநாள் காலை கடைக்குப் போனதும் முதல் வேலையாக அந்த வகைப் பெட்டிகளிலிருந்த மஞ்சள் ஸ்டிக்கர்களை நகத்தால் உரித்தேன். முதலாளி பதறிப்போய் ஓடி வந்தார்.

"என்னம்மா, ஓடற குதிரையை நிறுத்தறே? நேத்துகூட ரெண்டு போச்சு."

"அந்த ரெண்டு பேரோட போன் நம்பரைக் கொடுங்க. போர்டு பழசான்னு கேட்கணும்."

"சரி, 'யோசி'ன்னு எழுதி ஒட்டிடேன். விஷயம் முடிஞ்சது."

"யோசிக்க வேண்டியது நான். அதுக்குத்தானே எனக்குச் சம்பளம். அதைத் தூக்கி அவங்க தலையில போட்டா எப்படி?" என்று கத்திவிட்டேன். பிறகு உட்கார்ந்து எழுதினேன். பழைய போர்டு என்றால் இதில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது, படங்கள் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்று ஏழு வரி வந்தது. முதலாளி ஏழையும் படித்தார். "இது என்ன, மருந்துச் சீட்டா?" என்றார், ஆனால் அவரே எடுத்துப் போய் ஒட்டினார்.

சாயங்காலம் மில்லியின் வீட்டுக்குப் போனேன். படுக்கையறை மூலையில் அவள் மேசை. பக்கத்தில் துணி மடித்து வைக்கிற அலமாரி, அதன் கதவில் நூறு அளவுக் குறிப்புகள் ஒட்டியிருந்தன. கார்டின் மெமரி எவ்வளவு நிரம்புகிறது என்று காட்டும் ஒரு சின்னப் பட்டையைத் திரையின் ஓரத்தில் வரவழைத்தேன். சமையலறையைத் திறந்த உடனே பட்டை உச்சிக்கு ஏறிச் சிவந்தது.

"அப்படி என்னத்தைத்தான் போட்டு அடைச்சு வச்சிருக்கே?"

பார்த்தோம். மரத்தின் ரேகை தெரிய வேண்டும் என்று ஒரு பிரம்மாண்டமான மரப் படத்தைப் போட்டிருந்தாள். அதுவும் ஒரே படம் இல்லை. முப்பத்தொரு இழுப்பறைக்கும் கதவுக்கும் தனித்தனி ரேகை வேண்டும் என்று முப்பத்தொரு படம். இழுப்பறைக்குள்ளே, யார் கண்ணிலும் படாத அடிப்பலகைக்குக்கூட.

"ரெண்டு பலகையில ஒரே ரேகை இருக்காது இல்ல?" என்றாள், குற்றம் பிடிபட்ட முகத்தோடு.

"இழுப்பறை திறக்கறதைத் தூக்கிடு. மூடியே இருக்கட்டும். பாதி பாரம் குறையும்" என்றேன்.

"அதைத் தொடாதீங்க! திறந்து பார்க்கத்தானே அண்ணி அவர் கேட்டிருக்கார். மூடின அலமாரியைப் பார்க்க ஒரு போட்டோ போதுமே."

அவள் சொன்னதுதான் சரி. படங்களைச் சின்னதாக்கினோம். முப்பத்தொன்றை ஐந்தாக்கி, அதையே திருப்பித் திருப்பிப் போட்டோம். உள்பக்கம் எல்லாம் வெறும் நிறம். ஒவ்வொன்றாக எடுக்க எடுக்கப் பட்டை ஒரு விரல் இறங்கும், நான் ஒரு தடவை விசிலடிப்பேன், அவள் "சும்மா இருங்க, பிள்ளைங்க படிக்குது" என்பாள். கடைசியில் பட்டை சிவப்பிலிருந்து பச்சைக்கு வந்து அங்கேயே நின்றது. மவுஸை அவளிடம் கொடுத்தேன்.

நடந்தாள். நிற்கவில்லை. ஜன்னல் வரை போனாள், திரும்பினாள், அடுப்புப் பக்கம் வந்தாள். மூச்சு விட மறந்துபோய் நானும் பின்னாலேயே நடந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். இருப்பதிலேயே சின்ன கார்டு, கால்வாசிப் பாதை, பழைய போர்டு. என்னமாய் ஓடியது! எனக்குக் குதிக்கத் தோன்றியது.

மில்லி மூலையில் இருந்த இழுப்பறையைத் திறந்தாள். உடனே மூடினாள். மறுபடி திறந்தாள்.

"அண்ணி, இதோ பாருங்க. கடிக்குது."

இழுப்பறை வெளியே வரும் வழியில், பக்கத்துச் சுவரோரக் கதவின் கைப்பிடிக்குள் அதன் முனை புகுந்து மறுபக்கம் வந்தது. திரையில் எதுவும் எதிலும் முட்டாது, எல்லாம் நிழல் மாதிரி ஒன்றுக்குள் ஒன்று புகுந்துவிடும். நிஜத்தில் அந்த இழுப்பறை பாதிகூடத் திறக்காது. இத்தனை நாளாகத் திக்கிக்கொண்டு, முதலில் மூடி, அப்புறம் திறந்து என்று காட்டியதில் இந்த நடுப்பகுதி யார் கண்ணிலும் படவில்லை. என் மேசையில் ஓட்டியபோது நாங்கள் இழுப்பறையைத் திறந்தே பார்க்கவில்லை.

அவள் பட்டறைக்காரர் கொடுத்த தாளை எடுத்து அளவுகளைச் சரிபார்த்தாள். மறுபடி சரிபார்த்தாள். "என் தப்பு இல்லை. அவர் அளவுலயே இருக்கு" என்றாள் மெதுவாக.

"கைப்பிடியை மெலிசாக்கி மறைச்சுடு. வேலை கேட்டுப் போற இடத்துல அவர் தப்பை அவர்கிட்டயே காட்டுவாங்களா?"

"மெலிசாக்கினா நாளைக்கு அந்த வீட்டுக்காரங்க கைதானே இடிபடும்?" என்றாள்.

வெள்ளிக்கிழமை பத்தே முக்காலுக்கு அவள் கம்ப்யூட்டரோடு பட்டறையில் இருந்தோம். கண்ணாடித் தடுப்பு போட்ட சின்ன அறை. அடுத்த கூடத்தில் வாள் இயந்திரம் ஓடுகிற சத்தம், மேசை எல்லாம் மரத்தூள். காதில் பென்சில் செருகிய பட்டறைக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து, மில்லியின் கையிலிருந்து மவுஸைத் தானே வாங்கிக்கொண்டார். வேகமாகச் சுழற்றினார், முன்னே போனார், பின்னே வந்தார். கார்டு ஈடுகொடுத்தது.

"சார், அந்த மூலை இழுப்பறையை மட்டும் கொஞ்சம் மெதுவா திறங்க" என்றாள் மில்லி.

திறந்தார். நடுவழியில் நிறுத்தினார். கொஞ்சம் உள்ளே தள்ளினார், மறுபடி இழுத்தார்.

"இது உங்க தப்பா, என் தப்பா?"

"அளவு நீங்க கொடுத்தது சார். நான் நாலு தடவை பார்த்துட்டேன். இருபத்திரண்டு மில்லி இடிக்குது."

அவர் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு கூடத்துக்குள் ஓடினார். "நிறுத்து! நிறுத்துப்பா! அதை வெட்டாதே!"

வாள் சத்தம் நின்றது. மில்லியின் முகத்தில் ரத்தமே இல்லை. "கோவிச்சுக்கிட்டாரா அண்ணி?" என்றாள். நான் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தேன். நீளமான ஒரு பலகை, அதன்மேல் பென்சில் கோடு, வாள் அந்தக் கோட்டில் ஒரு விரல்கடை இறங்கியிருந்தது.

அவர் திரும்பி வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூச்சு வாங்கியது.

"இது சும்மா சோதனைக்குக் கொடுத்த சமையலறை இல்லைம்மா. நிஜ வீடு. அடுத்த வாரம் மாட்டணும். அந்த இழுப்பறை முகப்பைத்தான் இப்ப வெட்டிக்கிட்டிருந்தாங்க." அவர் மில்லியை நேராகப் பார்த்தார். "எவ்வளவு குறைக்கட்டும்?"

மில்லி ஒரு நொடி கண்ணை மூடித் திறந்தாள். "முப்பது மில்லி சார். அந்த இடத்துல ஒரு மெல்லிய மரப் பட்டி வச்சு மூடிடலாம்."

"முப்பதா? சரி. திங்கட்கிழமை அடுத்த வீட்டு அளவு அனுப்பறேன். கம்ப்யூட்டரைத் தூக்கிட்டு இங்க அலைய வேண்டாம், வீட்டுலேருந்தே செய்யுங்க" என்றார். கூடத்தைப் பார்த்துத் திரும்பி, "முப்பது குறைச்சுக் கோடு போடு!" என்று கத்திக்கொண்டே போய்விட்டார்.

வேலை கிடைத்ததா இல்லையா என்று புரியவே எங்களுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பன்னிரண்டு மணிக்காரர் வந்தால் அவரிடம் பட்டறைக்காரர் என்ன சொல்லப் போகிறார் என்றுகூட நான் யோசித்தேன். மில்லி அதையெல்லாம் யோசிக்கவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு கூடத்தின் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். வாள் மறுபடி ஓட ஆரம்பித்தது, சத்தம் ஏறி, பலகைக்குள் இறங்கி, கனத்தது.

அவள் என் மணிக்கட்டை வலிக்க வலிக்கப் பிடித்தாள்.

"அண்ணி, நான் சொன்ன அளவு. நிஜ மரத்துல வெட்டறாங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை, பலகை கடைசி வரை அறுபட்டு விழுகிற சத்தம் கேட்கும் வரை அவள் அசையாமல் நின்றுகொண்டிருந்தாள்.